ஒரு ரூபாய்க்கு மூன்று உயிர்

 

இன்று திண்டுக்கல் நகரின் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் கைப்பேசிக் கடைகளைக் காண்கிறீர்கள். உறை மாற்றித் தருகிறார்கள். கண்ணாடி ஒட்டித் தருகிறார்கள். உடைந்த திரையைச் சரிசெய்து தருகிறார்கள். அவற்றுள் சில கடைகள் இருக்கும் இடத்தில், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, வேறு வகைக் கடைகள் இருந்தன. வாசலில் அழுக்கேறிய துணித் திரை ஒன்று தொங்கும். அதற்கு மேலே, கையால் எழுதிய பலகையில் 'வீடியோ கேம்ஸ்' என்ற எழுத்துகள் காணப்படும். உள்ளிருந்து வெடியோசையும் இசையும் சிறுவர்களின் கூச்சலும் கலந்து தெருவில் வந்து விழும்.

இளம் வாசகர்கள் அக்கடைகளைக் கண்டிருக்க வாய்ப்பில்லை. தாய்மார்களோ அவற்றின் வாசலைக் கண்டிருப்பீர்களே தவிர, உள்ளே நுழைந்திருக்க மாட்டீர்கள். ஆகவே அவற்றைப் பற்றி முதலில் சற்று விரிவாகவே சொல்கிறேன். பழையதை நினைத்து மகிழ்வது மட்டும் என் நோக்கமன்று. நம் பிள்ளைகளின் கைகளில் இன்று இருக்கும் விளையாட்டை விளங்கிக்கொள்ள, அந்தப் பழைய கடை நமக்கு உதவும் என்று கருதுகிறேன்.

பத்தடிக்குப் பதினைந்தடி இருக்கும் ஓர் அறை. ஒட்டுப்பலகையால் செய்த, ஆள் உயரப் பெட்டிகள் நான்கைந்து சுவரோரம் நிற்கும். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் ஒரு தொலைக்காட்சிக் குழாய். அதற்குக் கீழே ஒரு குச்சியும் சில பொத்தான்களும். குச்சியைச் சாய்த்தால் திரையில் உள்ள உருவம் நகரும். பொத்தானை அழுத்தினால் அடிக்கும், குதிக்கும், சுடும். கடைக்காரரிடம் ஒரு ரூபாய் கொடுத்தால் பித்தளை டோக்கன் ஒன்று தருவார். அதைத் துளையில் போட்டதும் ஆட்டம் தொடங்கும். எங்கள் கடையில் ஒரு டோக்கனுக்கு மூன்று உயிர். மூன்றும் போய்விட்டால் திரையில் எண்கள் ஒன்பதிலிருந்து இறங்கத் தொடங்கும். அவை பூச்சியத்தைத் தொடுவதற்குள் மறு டோக்கன் போடாவிட்டால் ஆட்டம் முடிந்தது. அந்தப் பத்து நொடிக்குள் சட்டைப் பையைத் துழாவாத பையன் எங்கள் தலைமுறையில் இருந்திருக்க மாட்டான்.

இப்பொறிகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1972ஆம் ஆண்டில் 'பாங்' என்ற பந்து விளையாட்டை வெளியிட்டது. அதுதான் இத்தொழிலைப் பரவலாக்கியது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக நிஷிகாடோ என்பவர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கினார். 1980இல் நாம்கோ நிறுவனத்தின் 'பாக்மேன்' வந்தது. ஜப்பானில் நூறு யென், அமெரிக்காவில் கால் டாலர் என்று சில்லறையை விழுங்கிய அந்தப் பெட்டிகள், பிந்தித்தான் நம்மூர்ப் பக்கம் வந்து சேர்ந்தன. இங்கே வந்தவற்றில் பெரும்பாலானவை நகல். உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் அதே பெட்டியில் வேறு விளையாட்டு ஓடும். பெட்டியை உள்ளூர்த் தச்சரே செய்துவிடுவார். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் குழாய் அதற்குப் போதும்.

பேகம்பூரில் எங்கள் வீடு. அத்தாவுக்கு நாகல் நகர்ப் பக்கம் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை. திண்டுக்கல் பூட்டின் பெருமையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் பூட்டின் பெருமை வேறு, அதை அரத்தால் ராவிச் செய்தவர்களின் கூலி வேறு. செய்து முடிக்கும் பூட்டின் எண்ணிக்கைக்கே கூலி என்பதால், எங்கள் வீட்டில் ஒரு ரூபாய் என்பது எண்ணிப் பார்த்துக் கொடுக்கப்படும் பொருள். வாரத்துக்கு ஒரு முறை, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, அந்த ஒரு ரூபாய் என் கையில் விழும். பெருநாள் அன்று மட்டும் பெரியப்பா, மாமா, மாமி என்று எல்லோரும் கொடுத்த பெருநாள் காசு சேர்ந்து பத்துப் பதினைந்தாகிவிடும். அன்று மாலை அக்கடையில் புதுச்சட்டைகளின் நெரிசலும் அத்தர் வாசனையும் நிறைந்திருக்கும்.

ஒரு ரூபாய் எவ்வளவு நேரம் தாங்கும்? புதியவனுக்கு மூன்று நிமிடம்கூடத் தாங்காது. அப்பொறிகளின் இயல்பே அப்படித்தான். ஆடுபவன் விரைவில் தோற்றால்தான் அடுத்த காசு விழும். பெட்டிக்குள் சிறு விசைகள் உண்டு; ஒரு காசுக்கு எத்தனை உயிர், எதிரிகள் எவ்வளவு கடுமையாக வர வேண்டும் என்பதையெல்லாம் கடைக்காரர் அவற்றைக் கொண்டு மாற்றிவைக்க முடியும். எவனாவது கைதேர்ந்த பையன் ஒற்றை டோக்கனில் முக்கால் மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தால் கடைக்காரர் முகம் சுருங்கிப் போகும். மறுவாரம் போய்ப் பார்த்தால் அதே எதிரிகள் இரண்டு மடங்கு மூர்க்கமாக வருவார்கள். "என்ன மாமா, கூட்டி வச்சிட்டீங்களா?" என்று கேட்டால், "நீங்க வளர்றீங்கள்ல, அவனும் வளர்றான்டா" என்பார் அவர்.

நம் வீட்டு வாசகர்கள் அறிந்தால் வியக்கும் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். அக்கடைகளில் எல்லாவற்றையும் விடக் கூட்டம் சேர்த்த விளையாட்டுக்கு எங்கள் ஊரில் 'முஸ்தபா' என்று பெயர். அதன் உண்மையான பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993இல் அதை வெளியிட்டது. மார்க் ஷூல்ட்ஸ் என்ற அமெரிக்க ஓவியரின் படக்கதைதான் அதற்கு மூலம். இருபத்தாறாம் நூற்றாண்டில் டைனோசார்கள் மீண்டும் உலவும் பூமியில், அவற்றை வேட்டையாடும் கயவர்களை எதிர்த்து நால்வர் போராடுவதாகக் கதை. ஜாக், ஹன்னா, மெஸ் ஆகியோருடன் நான்காமவர் முஸ்தபா. மஞ்சள் தொப்பி அணிந்த அவர், நால்வரிலும் வேகமானவர். ஓடிவந்து காற்றில் பறந்து உதைப்பார். அந்த உதைக்காகவே எல்லோரும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். விளையாட்டுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது. திண்டுக்கல்லில் மட்டுமல்ல, வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும்கூட அக்காலச் சிறுவர்களுக்கு அது 'முஸ்தபா' தான்.

கடையில் இருந்த பிள்ளைகள் எல்லா வீட்டுப் பிள்ளைகளும்தான். தோல் ஷாப்புத் தொழிலாளியின் மகனும், பூ மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவரின் மகனும், சின்னாளபட்டியிலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து பள்ளியில் படித்தவர்களும் அங்கு இருந்தார்கள். எல்லோரும் முஸ்தபாவாக வேண்டும் என்று முண்டியடித்தார்கள். மற்ற இடங்களில் கதாநாயகனுக்கு நம் பெயர் இருந்து நாங்கள் கண்டதில்லை. எங்கள் தெருவில் அப்பெயருடைய ஒரு பையன் அந்த ஓராண்டு முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தான். அடுத்த வீட்டுப் பையன்கள் நம் வீட்டுப் பெயரை ஆசையோடு உச்சரிப்பதைக் கேட்பது சிறு பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. கடைக்காரர் இந்து சமயத்தவர். மாலையில் பள்ளிவாசலிலிருந்து ஒலி கேட்டதும், "டேய், பாங்கு சொல்லிட்டாங்க, கிளம்புங்கடா" என்று எங்களை அவரே விரட்டுவார். பாதி ஆட்டத்தில் இருப்பவன் குச்சியைப் பக்கத்தில் நிற்கும் நண்பனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடுவான். எஞ்சிய உயிர்கள் அந்த நண்பனுக்குச் சொந்தம்.

அந்த விளையாட்டை மூவர் சேர்ந்து ஆடலாம். வழியில் பீப்பாய்கள் கிடக்கும்; உடைத்தால் உள்ளே உணவு இருக்கும். அதை எடுத்தால் குறைந்துபோன வலிமை திரும்பும். எடுப்பது யார் என்பதில்தான் ஒருவனுடைய குணம் வெளிப்படும். பக்கத்தில் நிற்பவனின் வலிமைக்கோடு சிவந்து, சாகும் நிலையில் இருக்கையில், முழு வலிமையோடு நிற்பவன் ஓடிப்போய் உணவை எடுத்துக்கொண்டால் கடையே கத்தும். "அவனுக்கு விடுடா, அவனுக்கு விடு" என்று பின்னால் நிற்கும் பத்துப் பேரும் கூவுவார்கள். அப்படிக் கேட்காமல் எடுத்தவனோடு மறுநாள் கூட்டுச் சேர்ந்து ஆட ஆள் கிடைக்காது. இதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. பெட்டிக்குப் பின்னால் நின்ற கூட்டம் சொல்லித் தந்தது.

ஆம், ஆடியவர்களை விடப் பார்த்தவர்களே அதிகம். கையில் காசு இருந்த ஐவருக்குப் பின்னால் காசில்லாத இருபது பேர் நிற்பார்கள். நானும் வாரத்தில் ஒரு நாள் ஆடியவன், பல நாள் பார்த்தவன். பார்ப்பதற்குக் காசு கேட்ட கடைக்காரர் எவரையும் நான் கண்டதில்லை. ஆடுபவன் எங்கே தடுமாறுகிறான், எந்த இடத்தில் எதிரி பின்னால் வருவான் என்பதையெல்லாம் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டோம். தோற்றவனும் இருபது பேர் முன்னிலையில் தோற்றான். சிரிப்பார்கள், ஆனால் அடுத்த நிமிடமே அவன் பார்வையாளரோடு சேர்ந்து நின்று அடுத்தவனுக்கு யோசனை சொல்லத் தொடங்கிவிடுவான்.

அக்கூட்டத்தில் பெண் பிள்ளைகள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'பாக்மேன்' விளையாட்டை உருவாக்கிய தோரு இவதானி, விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களும் விரும்பி வர வேண்டும் என்று எண்ணியே அதை வடிவமைத்தார். அவரது எண்ணம் எங்கள் ஊர்வரை வந்து சேரவில்லை. என் அக்கா அந்தத் துணித் திரைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும், அம்மா சோறு வடிக்கும் நேரத்தில், அன்றைய ஆட்டத்தை நான் அக்காவுக்குக் கதையாகச் சொல்வேன். ஹன்னா என்ற பெண்ணும் அதில் போராடுகிறாள் என்று கேட்டதும், "அவளுக்கு எத்தனை உயிர்?" என்று அக்கா கேட்டார். "எல்லாருக்கும் மூணுதான்" என்றேன். "அப்ப சரி" என்று கூறிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். பார்க்காமலே அந்த விளையாட்டின் எட்டுக் கட்டங்களையும் வரிசையாகச் சொல்லும் அளவுக்கு அவருக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

பெரியவர்களுக்கு அக்கடைகள் பிடிக்கவில்லை. 'பிள்ளை கெட்டுப் போகும் இடம்' என்பதே ஊரின் பொதுவான கருத்து. அவர்களது அச்சத்தை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளி நேரத்தில் பையன்களை உள்ளே விட்ட கடைகள் இருந்தன. பெட்டிக்குப் பின்புறம் பீடி புகைந்த கடைகளும், ஆட்டத்தின் மேல் பந்தயம் கட்டிய கடைகளும் இருந்தன. ஆயினும் இன்று எண்ணிப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது. அவர்கள் அஞ்சிய அத்தனையும் அவர்களது கண்ணுக்குத் தெரிந்தது. கடை தெருவில் இருந்தது. அதற்கு வாசல் இருந்தது. அவ்வாசலில் எந்தத் தகப்பனும் நுழைய முடிந்தது.

அப்படித்தான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று என்னை அழைத்துப் போக அத்தா கடைக்குள் வந்தார்கள். பட்டறைக் கரி படிந்த சட்டையோடு அவர்கள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. கூட்டம் திடீரென்று அமைதியானதும் திரும்பிப் பார்த்தேன். அத்தா கோபிக்கவில்லை. "ஆடு, ஆடு, காசு போட்டாச்சுல்ல" என்றார்கள். மூன்றாவது உயிரும் போகும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார்கள். பிறகு, "முடிஞ்சுச்சா? வா" என்று தோளைத் தட்டி அழைத்துச் சென்றார்கள்.

மணிக்கூண்டு வரையில் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்கள்: "அந்த மஞ்சத் தொப்பிக்காரன் பேரு முஸ்தபாவாமே? நம்ம ஆளா?"

"ஆமாத்தா."

"நல்லாத்தான் உதைக்கிறான்." இன்னும் சிறிது தூரம் நடந்த பிறகு, "உனக்குப் பின்னாடி ஒரு பையன் காசக் கையிலயே வச்சிக்கிட்டு ரொம்ப நேரமா நின்னானே, அவனுக்கு எப்பக் கெடைக்கும்?" என்றார்கள்.

"அடுத்து அவந்தான்த்தா."

"ம்" என்றார்கள். அவ்வளவுதான். திரையில் அத்தனை வெடியும் வேகமும் நடந்துகொண்டிருக்க, அத்தாவின் கண் காசோடு காத்து நின்ற பையன்மேல் இருந்திருக்கிறது!

நான் கலைக் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்த நாட்களில் அக்கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டி ஆடும் மலிவான பெட்டிகள் பஜாரில் வந்து குவிந்தன. சில கடைகள் 'பிளே ஸ்டேஷன்' வாங்கி வைத்து மணிக்கணக்கில் வாடகை வாங்கிப் பார்த்தன. பிறகு கணினி மையங்கள் வந்தன, அவையும் போயின. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கியதும் இணையத் தரவின் விலை சரிந்தது. 2020ஆம் ஆண்டின் கொரோனா ஊரடங்கில் வகுப்பு நடக்க வேண்டும் என்பதற்காகப் பெற்றோரே கடன் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கைப்பேசி வாங்கித் தந்தார்கள். விளையாட்டுக் கடை அவ்வாறு வீட்டுக்குள் வந்தது. வாசல் இல்லாமல் வந்தது.

இப்போது நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் மதரஸாவில் சுபுஹுக்குப் பிந்திய வகுப்புக்கு வரும் சிறுவன் ஒருவன், சில மாதங்களாகக் கிதாபின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன், முன்பெல்லாம் முதல் ஆளாகப் பாடம் ஒப்பிப்பவன். ஒரு நாள் அவனுடைய தகப்பனாரை வழியில் கண்டு விசாரித்தேன். அவர் சற்றுப் பெருமையோடேதான் பதில் சொன்னார்: "அவன் எங்கயும் போறதில்லைங்க ஹஜ்ரத். கெட்ட சகவாசம் கெடையாது. வீட்டுலயேதான் இருக்கான்."

"வீட்டுல எங்க பாய் இருக்கான்?" என்று கேட்டேன்.

"ரூம்லதான். கதவச் சாத்திக்கிட்டுப் படிப்பான்."

அதற்கு மேல் அவரிடம் நான் கேட்கவில்லை. அவரே ஒரு கணம் யோசித்தார். மறுவாரம் அவராகவே வந்தார். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தாராம். போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்ததாம். "அவன் காதுல ஏதோ மாட்டியிருந்தான். நான் கூப்பிட்டது கேக்கல ஹஜ்ரத். பக்கத்துலதான் நிக்கிறேன், என்னத் தெரியல" என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

வாசகர்களே, இதுவே இன்றைய நிலை. அன்று பிள்ளை தெருவில் இருந்தான். தகப்பனால் போய் அவன் பின்னால் நிற்க முடிந்தது. இன்று பிள்ளை அடுத்த அறையில் இருக்கிறான். பக்கத்தில் போய் நின்றாலும் அவனுக்குத் தெரிவதில்லை.

அரசுகளும் இதைக் கவனிக்காமல் இல்லை. அளவு மீறிய விளையாட்டு நாட்டத்தை ஒரு நோயாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2022 சனவரியில் அப்பட்டியல் நடைமுறைக்கு வந்தது. சீனா 2021இல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என்று விதித்தது. நம் நாட்டில் 'பப்ஜி' 2020இலும் 'ஃப்ரீ ஃபயர்' 2022இலும் தடைசெய்யப்பட்டன. தமிழ்நாட்டில் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் சேரக் கூடாது, நள்ளிரவு பன்னிரண்டு முதல் அதிகாலை ஐந்து மணி வரை எவரும் நுழையக் கூடாது என்ற விதிகள் 2025 பிப்ரவரியில் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் நம் நாட்டுச் சட்டங்கள் பெரிதும் பணத்தைப் பறிக்கும் ஆட்டத்தைப் பற்றியவை. பணம் கேட்காமல், நேரத்தையும் தூக்கத்தையும் மட்டும் வாங்கிக்கொள்ளும் ஆட்டத்தை எந்த அதிகாரி வந்து நம் வீட்டு அறையில் தடுப்பார்? அது குடும்பத்தார் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

பழைய பொறி நம்மைத் தோற்கடிக்கச் செய்யப்பட்டது. தோற்றவன் வீட்டுக்குப் போவான். இன்றைய விளையாட்டில் பல, ஆடுபவன் போகவே கூடாது என்பதற்காகச் செய்யப்படுகின்றன. நாள்தோறும் வந்தால் ஒரு பரிசு. ஒரு நாள் தவறினால் அது போயிற்று. இலவசம் என்று அழைத்துவிட்டுப் பிறகு சட்டைக்கும் துப்பாக்கிக்கும் விலை சொல்கிறார்கள். ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்று கிடையாது. மூன்று உயிர் போனால் முடிந்தது என்ற கணக்கில் வளர்ந்த நமக்கு, முடிவே இல்லாத ஒன்றில் பிள்ளை மாட்டிக்கொண்டிருப்பது உடனே விளங்குவதில்லை. "போதும், நிறுத்து" என்று சத்தமிடுகிறோம். எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவனுக்கே தெரியாது என்பதை நாம் நினைப்பதில்லை.

இதை நான் கண்ணால் கண்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார். பையன் தலை நிமிரவில்லை. அவனைப் பேசவைப்பதற்காக, "எங்க காலத்துல முஸ்தபான்னு ஒரு விளையாட்டு இருந்துச்சு தம்பி" என்று ஆரம்பித்தேன். அவன் சட்டென்று நிமிர்ந்தான். "எங்கிட்ட இருக்கே ஹஜ்ரத்!" என்றான். பழைய பொறியைப் போலவே இயங்கும் மென்பொருளைக் கைப்பேசியில் ஏற்றி, அதே விளையாட்டை வைத்திருக்கிறான். அதே மஞ்சள் தொப்பி, அதே பீப்பாய், அதே இசை! முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அவ்வோசையைக் கேட்டபோது என் மனம் ஒரு கணம் அந்தத் துணித் திரைக்குள் போய் வந்தது.

"இது ரொம்ப ஈஸி ஹஜ்ரத். ஒரே நாள்ல முடிச்சிட்டேன். போரடிச்சிருச்சு" என்றான். எப்படி முடித்தாய் என்று கேட்டேன். திரையின் மூலையில் ஒரு சிறு பொத்தானைக் காட்டினான். அதை அழுத்தினால் காசு விழும். எத்தனை முறை அழுத்தினாலும் விழும். உயிர் போகப் போக அழுத்திக்கொண்டே இருந்தால் எவரும் எட்டுக் கட்டத்தையும் கடந்துவிடலாம். நாங்கள் வாரக்கணக்கில் காத்திருந்து, பார்த்துப் பார்த்துக் கற்று, பெருநாள் காசையெல்லாம் கொட்டியும் காண முடியாத கடைசிக் கட்டத்தை அவன் ஒரு பிற்பகலில் கண்டிருக்கிறான். கண்டும் அவனுக்கு அதில் மகிழ்ச்சி கிடைக்கவில்லை.

"சரி, இப்ப ஒரே ஒரு காசு. மூணு உயிர். அவ்வளவுதான். ஆடிக் காட்டு பாக்கலாம்" என்றேன். தகப்பனாரும் நானும் அவனுக்குப் பின்னால் வந்து நின்றோம். முதல் கட்டத்தை எளிதாகக் கடந்தான். இரண்டாம் கட்டத்தின் முடிவில், இரு கைகளிலும் கத்தியோடு வரும் கசாப்புக்காரன் முன் வந்ததும் அவன் விரல்கள் தடுமாறின. இரண்டு உயிர் போய்விட்டது. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "பின்னாடி போ தம்பி, பின்னாடி போய்க் குதி" என்று நான் சொல்ல, ஒன்றும் அறியாத தகப்பனார், "டேய் பாத்துடா, பாத்துடா" என்று கூவினார். மூன்றாவது உயிரும் போயிற்று. பையன் பெருமூச்சு விட்டான், பிறகு சிரித்தான். தகப்பனார் அவன் தோளில் கைவைத்திருந்ததை அவன் தட்டிவிடவில்லை. "நாளைக்கு இன்னொரு காசு ஆடலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியை அவனாகவே தகப்பனாரிடம் கொடுத்தான்.

அன்றோடு அவன் முற்றிலும் திருந்திவிட்டான் என்று நான் கதை சொல்லப் போவதில்லை. இன்றும் சில காலைகளில் கொட்டாவி விடுகிறான். ஆனால் கதவு இப்போது சாத்தப்படுவதில்லை என்று தகப்பனார் சொல்கிறார். இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் கூடத்தில் உட்கார்ந்து ஆடுகிறான். தகப்பனாரும் தங்கையும் பக்கத்தில் இருக்கிறார்கள். உணவுப் பீப்பாய் உடைந்தால் யாருக்கு விட வேண்டும் என்று தங்கை சண்டை போடுகிறாளாம். அந்த வீட்டில் பெண் பிள்ளைக்கும் மூன்று உயிர் கிடைத்துவிட்டது என்று அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். அக்கா நெடுநேரம் சிரித்தார்.

பெற்றோர்களே! கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவது எளிது. நம் ஊரில் அதற்கு நல்ல பூட்டும் கிடைக்கும். ஆனால் பள்ளிப் பாடமே அதில்தான் வருகிறது எனும்போது, சாவியை எத்தனை நாள் இடுப்பில் முடிந்து வைத்திருக்க முடியும்? அந்தப் பழைய கடையில் இருந்தவற்றுள் சிலவற்றை வீட்டுக்குள் கொண்டுவரலாம். ஆட்டத்துக்கு ஒரு முடிவை முன்கூட்டியே பிள்ளையோடு பேசி வையுங்கள். பாதியில் பிடுங்காமல், போட்ட காசு முடியும்வரை ஆட விடுங்கள். அறைக்குள் தனியாக ஆடாமல் நாலு பேர் இருக்கும் கூடத்தில் ஆடட்டும். அண்ணன் ஆடினால் தம்பிக்கும் தங்கைக்கும் முறை வரட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சில நிமிடங்களேனும் அவன் பின்னால் நின்று, அவன் என்ன ஆடுகிறான் என்று பாருங்கள். அவன் உதைக்கும் உதை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். காத்திருப்பவன் எவனேனும் இருந்தால் அவனைச் சுட்டிக்காட்டுங்கள். நாம் சொல்லும் மற்ற சொற்கள் அவன் காதில் ஏறுவதற்கு அது வழி செய்யும், இன்ஷா அல்லாஹ்.